சோற்று வேளைப் பூச்சாண்டி

சிங்காரவேலுவைப் பூச்சாண்டி ஆக்கியது நான்தான். ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மீசை பெரிசு, குரல் பெரிசு, அதனால் பிள்ளைகள் தாமாகவே பயந்தன என்பார்கள். சுத்தப் பொய். மீசை இருந்தது, குரலும் இருந்தது. ஆனால் அவரை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டு, என் பிள்ளை முன்னால் நிறுத்தி, கொஞ்சம் முறைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்ட முதல் ஆள் நாகம்மாள் என்கிற நான்.

அது 1961. பாகூர் ஏரிக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். என் மூத்தவன் பலராமனுக்குப் பதினோரு மாதம் நடந்துகொண்டிருந்தது. பாலும் கூழும் குடித்தவனைச் சோற்றுக்குப் பழக்க நான் படாத பாடில்லை. பருப்புச் சோற்றைக் குழைத்து வைத்தால் நாக்காலேயே வெளியே தள்ளுவான். ரசச் சோறு என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வான். இட்லியைப் பிட்டுச் சர்க்கரை தொட்டுக் கொடுத்தால் சர்க்கரையை மட்டும் நக்கிவிட்டு இட்லியை என் மடியில் போடுவான். காக்கா காட்டி, கன்றுக்குட்டி காட்டி, தெருவைச் சுற்றிச் சுற்றி என் இடுப்பு விட்டுப்போனது. வயலுக்குப் போன வீட்டுக்காரர் திரும்பி வரும்போதும் நான் அதே கிண்ணத்தோடு நிற்பேன்.

ஒருநாள் மத்தியானம் சிங்காரவேலு கரும்புத் தோகைக் கட்டோடு வேலியோரம் போனார். எரிச்சலில் கூப்பிட்டேன். அவர் வந்து, மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, "துன்றியா இல்லியா?" என்று ஓர் அதட்டல் போட்டார். பலராமன் அழுவதற்காக வாயைப் பிளந்தான். நான் கவளத்தை உள்ளே தள்ளினேன். பயத்தில் விழுங்கிவிட்டான். பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குளத்துக்குப் போன இடத்தில் அதை ஆதிலட்சுமியிடமும் தையலம்மாளிடமும் சொல்லாமல் இருந்திருந்தாலாவது விஷயம் என்னோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை சோற்றுக்கு முரண்டு பிடித்தாலும் சிங்காரவேலுக்குத்தான் ஆள் போகும். ஏர் ஓட்டிவிட்டு வந்த கால் சேற்றோடு வாசலில் வந்து நிற்பார். அதட்டுவார், போய்விடுவார். அவர் இல்லாத நேரத்தில் பெயரைச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. நம் மீசைக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று முதலில் அவரும் சிரித்தார்.

இந்த மனுசனைப் போய் அப்படி ஆக்கினோமே என்றுதான் இன்று வயிறு எரிகிறது. அவர் பெண்டாட்டி இறந்தபோது மகள் செங்கமலத்துக்கு நாலு வயது. வேறு கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். சமையல் அவரே. மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னுவதும் அவரே. பனித்திட்டு மீன்காரி கூடையை இறக்கினால் நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கி, குழம்பு வைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்து அந்தப் பெண்ணுக்கு ஊட்டுவார். நான் பெற்ற பிள்ளைகளுக்கு நான் அந்தப் பொறுமையோடு ஊட்டியதில்லை.

தெருப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவர் தலையைக் கண்டால் கோலி ஆடுகிறவன்கூடக் கோலியைப் போட்டுவிட்டு ஓடுவான். தேர்த் திருவிழாவில் பொரி உருண்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார். எந்தப் பிள்ளையும் கை நீட்டாது. கடைசியில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். வளர்ந்த பிள்ளைகள் பயம் தெளிந்து அவரோடு சிரித்துப் பேசினார்கள், உண்மைதான். ஆனால் இடுப்பில் தூக்கிக்கொள்கிற வயதுப் பிள்ளை ஒன்றுகூடப் பதிமூன்று வருடம் அவரிடம் போகவில்லை.

செங்கமலத்தை மூலக்குளத்தில் கொடுத்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் சைகோன் வரை போய் வந்த சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அந்த வழியில் மாப்பிள்ளைக்கு பிரான்சில் வேலை கிடைத்து அவர் முன்னால் போய்விட்டார். செங்கமலத்துக்கும் குழந்தைக்கும் காகிதம் வரும்வரை இரண்டு மாதம் அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று 1974 தையில் அனுப்பினார்கள். குழந்தை இளங்கோவனுக்கு ஒரு வயது நிறையப் போகிறது. பேரன் வருவதற்கு முந்தின நாள் சிங்காரவேலு வேலியோரம் வந்து நின்றார். எப்போதும் கேட்காத மனுசன் அன்று என்னிடம் ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, இந்தப் புள்ள கிட்ட மட்டும் பூச்சாண்டிக் கதைய எடுக்காத. ஊரு புள்ளைங்கதான் வரல. இது ஒண்ணாவது எங்கிட்ட வரட்டும்."

சரி அண்ணே என்றேன். சாமி மேல் சத்தியம் செய்யாததுதான் பாக்கி.

முதல் பத்து நாள் அந்த வீடு வீடாக இருந்தது. பேரன் தோளை விட்டு இறங்கவில்லை. மீசையைப் பிடித்துத்தான் தொங்குவான். கரும்புக் கொல்லைக்கும் அவனைத் தோளில் வைத்துக்கொண்டே போவார். வலிக்கிறதா என்று கேட்டால், வலிக்கட்டும் என்பார்.

சோறுதான் அவனுக்கு ஆகவில்லை. தாய்ப்பாலைத் தவிர எதற்கும் வாய் திறக்க மாட்டான். புதுச்சேரியில் எடை பார்த்த டாக்டர், இந்த வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறதைத்தான் அவனும் சாப்பிட வேண்டும், இப்படியே போனால் எப்படி என்று செங்கமலத்தைச் சத்தம் போட்டு அனுப்பியிருந்தார். சிங்காரவேலு தினம் ஒன்று செய்து பார்த்தார். பாசிப்பருப்பும் பச்சரிசியும் ஒன்றாக வேகவைத்து நெய் விட்டுக் கடைந்தார். கேழ்வரகுக் களியில் வெல்லம் கரைத்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து விரல் நீளத்துக்கு உருட்டிக் கையிலேயே கொடுத்தார். முருங்கைக்கீரையை ஆய்ந்து பொடியாக அரிந்து சோற்றோடு பிசைந்தார். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் எடுத்து ஊட்டினார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்தார். அவன் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான், பிசைந்தான், தாத்தாவின் மீசையில் பூசினான். தின்னவில்லை. அவரோ, கையில் எடுக்கிறவன் வாயில் வைக்காமலா போய்விடுவான், பொறு பொறு என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செங்கமலத்தால் பொறுக்க முடியவில்லை. பதினோராம் நாள் வேலியோரம் வந்து, கடல் தாண்டிப் போகிற இடத்தில் என் பிள்ளை என்ன ஆவானோ அத்தை என்று அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்கவில்லை என்று சொல்வதும் ஒரு சாக்குதான். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மருந்த வூட்லயே வெச்சிக்கினு ஏண்டி அழுவுற? ஒங்கப்பனை ஒரு அதட்டு அதட்டச் சொல்லு."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் மகளோடு பேசாமல்கூட இருந்தார். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டு கன்னம் ஒட்டியது. அது நின்றதும் செங்கமலம் மறுபடி கிண்ணத்தோடு உட்கார்ந்து, அப்பா காலைத் தொட்டுக் கேட்டாள். சிங்காரவேலு எழுந்து வாசலுக்குப் போய், ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்தது போலவே திரும்பி வந்து, மீசையை முறுக்கி அதட்டினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு என்று முதலில் சிரித்தான். இரண்டாவது அதட்டலுக்கு உதடு பிதுங்கியது. அழுகையோடு அழுகையாகச் சோறு உள்ளே போனது. அன்று கால் கிண்ணம், மறுநாள் அரைக் கிண்ணம், அந்த வாரக் கடைசியில் முழுக் கிண்ணம். செங்கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். சிங்காரவேலு கை நீட்டினால் பிள்ளை வீறிட்டுக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

ஊருக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது ஒன்று நடந்தது. சிங்காரவேலு தோட்டத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை பின்னாலிருந்து தவழ்ந்து வந்து அவர் தட்டில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். மென்றான். இன்னொரு பிடி எடுத்தான். அவர் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் ஒருவர் நிம்மதியாகச் சாப்பிட்டால் அந்தப் பிள்ளை தானாகவே சாப்பிட்டிருக்கும். அவ்வளவுதான் அதற்கு மருந்து. அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கண்ணால் பார்த்தேன். அதற்குள் செங்கமலம் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் ஓடிவந்து, பழக்க தோஷத்தில், "தாத்தா மொறைக்கிறாரு பாரு, துன்னு துன்னு" என்றாள். பிள்ளை நிமிர்ந்து அந்த மீசையைப் பார்த்தது. அப்புறம் அழுகைதான். சிங்காரவேலு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அவர்கள் போய்விட்டார்கள். ஆறு மாதத்தில் செங்கமலத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிங்காரவேலுக்குக் கண் மங்கல், நான்தான் படித்துக் காட்டினேன். அங்கே போன பிறகு இளங்கோ மறுபடி சாப்பிட மாட்டேன் என்கிறான், அப்பா முறைக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் அவன் சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே மாட்டி வைப்பேன் என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் மறுநாளே வில்லியனூருக்கு பஸ் ஏறினார். ஸ்டுடியோக்காரன் கொஞ்சம் சிரியுங்கள் என்று சொல்ல, சிரிக்கிறதுக்கு வரவில்லை என்று சொன்னாராம். கருவிழி இரண்டும் தெறித்துவிடும்போல ஒரு போட்டோ. அதை அவரே தபாலில் சேர்த்தார். நான் இன்னொன்று சிரித்த முகமாக எடுத்து அனுப்புங்கள் என்றேன். எது வேணுமோ அதைக் கேட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்.

நாலு வருடம் சுவரிலிருந்து முறைத்தார். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், வளர்ந்துவிட்டான் என்று கடிதம் வரும். அதைப் படித்து முடித்ததும், நல்லதுதான் என்பார்.

1978 மார்கழியில் அவர்கள் முதல் தடவையாக வந்தார்கள். சென்னையிலிருந்து டாக்சியில் வந்து இறங்கிய இளங்கோ, அந்த வீட்டுக்குள் வரமாட்டேன், அங்கே தாத்தா இருக்கிறார் என்று தெருவிலேயே உட்கார்ந்துகொண்டான். சிங்காரவேலு வீட்டில் இல்லை. செங்கமலம் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுச் சாமான் இறக்கப் போனாள். நான் அவனை எங்கள் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் வேலிச் சந்து வழியாக ஒரு ஆள் கையில் கரும்போடு வந்தார். யார் இது என்று ஒரு கணம் திகைத்தேன். பாகூருக்குப் போய் மீசையை மழித்துவிட்டு வந்திருந்தார். மேலுதடு வெளுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்துப் பேசாதே என்று சைகை காட்டினார்.

உட்கார்ந்து, கத்தியால் கரும்பைச் சீவி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். பையன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். ஒரு துண்டைக் கொடுத்தார், தின்றான். இன்னொன்று கேட்டான். சக்கையை எப்படித் துப்புவது என்று அவர் துப்பிக் காட்ட, அவனும் துப்பிச் சிரித்தான். அவன் பேச்சு தமிழ்தான், அங்கங்கே நுனி நாக்கில் வேறு பாஷை. திடீரென்று வேலிப் பக்கம் கையைக் காட்டி, "அந்த வூட்டுத் தாத்தா எப்ப வருவாரு?" என்றான்.

"எதுக்குக் கேக்குற?"

"வந்தா நான் ஓடணும்."

சிங்காரவேலு கையில் இருந்த துண்டை வெட்டி முடித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அவரு செத்துட்டாருடா கண்ணு. இனிமே வரமாட்டாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பையன் சிரித்தான். இரண்டு கையையும் தட்டிக்கொண்டு சிரித்தான். இவர்தாண்டா உன் தாத்தா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ வேண்டாததைச் சொன்ன வாய் அன்று திறக்கவில்லை. அவன் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, சாய்ந்துகொண்டு, அடுத்த துண்டுக்காக வாயைத் திறந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செங்கமலம், அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். சிங்காரவேலு பதில் கொடுக்காமல் கரும்பைச் சீவிக்கொண்டிருந்தார்.