கைத்தராசும் இளங்கடாக்களும்

கறிக்கடை அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே கை ஓடவில்லை. தொடைக்கறி கேட்டவளுக்கு விலாவை வெட்டினாள். வாங்க வந்தவள் வேண்டாமென்று தள்ளியதைக் கவனிக்காமல் அதையே துண்டுபோடவும் தொடங்கினாள். மனசு முழுக்க ஊருக்கு வெளியே இருக்கும் கம்பெனியில் கிடந்தது. எருமைக்கறியை உறையவைத்துப் பெட்டி பெட்டியாகக் கப்பலுக்கு அனுப்பும் கம்பெனி அது. சந்தையில் மாடு பார்த்து வாங்க அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. உயிரோடு நிற்கிற மாட்டைத் தொட்டு, அறுத்துத் தொங்கவிட்டால் எத்தனை கிலோ நிற்கும் என்று சொல்ல வேண்டும். அதற்கான பரீட்சைக்குத்தான் புருஷன் போயிருந்தார். அந்த வேலை கிடைக்காவிட்டால் கடை இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்பதை அவள் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அவருக்குச் சந்தையில் கைத்தராசு என்றுதான் பெயர். அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் கடையில் தொங்கியதெல்லாம் உழுது ஓய்ந்த காளைகள். சதை கெட்டியாக இருக்கும், கொழுப்பு மஞ்சளாக இருக்கும். புருஷன் காளையின் கடைசி விலாவுக்குப் பின்னால் ஓர் அமுக்கு அமுக்குவார், வாலடியில் ஒரு பிடி பிடிப்பார், எடையைச் சொல்வார். சொன்னது தராசில் அப்படியே நிற்கும். பந்தயம் கட்டித் தோற்ற தரகர்கள் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

பிறகு டிராக்டர்கள் வந்தன. இனி உழவுக்கு மாடு எதற்கு என்று ஆளாளுக்கு ஓட்டிக்கொண்டு வந்ததில் சில வருஷம் கடையில் கறி வழிந்தது. வியாபாரம் பெருகிவிட்டது என்று நினைத்து மாமனார் மாடி கட்டச் சுவர் எழுப்பினார். குளத்தை வடிக்கும்போது மீன் அதிகமாகத்தான் கிடைக்கும். வடிந்து முடிந்தபோது காளையும் இல்லை, மாடியும் இல்லை. அந்தச் சுவரில் இன்றைக்கும் துணி காய்கிறது.

காளை போன இடத்துக்குப் பால் வற்றிய கிழட்டு எருமைகள் வந்தன. கறி கறுப்பு, கொழுப்பு வெள்ளை. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இன்னும் கொஞ்சநேரம் வேகவிடுங்கள் என்று அவள்தான் ஆளாளுக்குச் சொல்லிச் சமாளித்தாள். கொஞ்ச நாளில் எல்லார் நாக்கும் பழகிவிட்டது. பழகாதது புருஷனின் கை மட்டும்தான். எருமைக்குத் தோல் தடிமன், தலை கனம். ஈன்று ஈன்று தொங்கிப்போன வயிறு வேறு. காளையில் படித்த கைக்கு இதெல்லாம் கறியாகவே பட்டது. அவர் சொன்ன எடை ஒருநாளும் வரவில்லை. முதலில் தராசைத் திட்டினார், அப்புறம் அறுக்கிறவனைத் திட்டினார், ஒருமுறை மழையைக்கூடத் திட்டினார். விஷயம் வெளியே கசியவில்லை. எடை பார்ப்பது அவள்தானே. குறைவது எப்போதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பதை அவள் கண்டுவைத்திருந்தாள். சொன்னால் சோறு இறங்காத மனுஷனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் கம்பெனி வந்தது. சந்தைக்கு வரும் எருமை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது என்று எல்லாரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கூடியதெல்லாம் லாரி ஏறியது. கடைக்கு வாரத்தில் ஒரு மாடு கிடைத்தாலே பெரிய காரியம் என்றானது. அங்கே பெட்டி ஏற்றும் கொழுந்தன்தான் இந்த வேலையைப் பற்றிச் சொன்னான்.

முந்தின நாள் சாப்பாட்டின்போது அவள் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. கையில படுற எடையில பத்துல ஒண்ணு தள்ளிட்டுச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நீங்க தொடப்போறது எருமை. காளையில்ல."

"இத்தனை வருஷமா தொடுறவன் நான். நீ தொங்குறதப் பாக்குறவ."

"தொங்குறதத்தானே அவங்களும் நிறுக்கப்போறாங்க?"

அவர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினார். காலையில் புறப்படும்போதும் பேசவில்லை. தான் சொன்னதைக் கேட்கமாட்டார் என்ற பயத்தோடுதான் அவள் கடையைத் திறந்தாள்.

மத்தியானம் கொழுந்தன் சைக்கிளில் வந்து இறங்கினான். பரீட்சை முடிந்ததாம், அறுத்து நிறுத்தால்தான் முடிவு தெரியுமாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்.

"கிழட்டு எருமை ஒண்ணுகூட இல்ல அண்ணி. எல்லாம் இளங்கடா, சும்மா மொழுமொழுன்னு. முன்னல்லாம் ஆண்கன்னு பொறந்தா பால் விடாம சாகவிடுவாங்கல்ல, இப்போ கறிக்குன்னே தீனி போட்டு வளக்குறாங்க."

அவள் வெட்டுவதை நிறுத்தினாள். இளங்கடாவுக்குத் தோலும் மெலிசு, வயிறும் ஒட்டியிருக்கும். அதில் பத்தில் ஒன்று தள்ள எதுவுமில்லை. அவள் பார்த்த எருமையெல்லாம் கிழடு, அவள் போட்ட கணக்கும் கிழட்டுக் கணக்கு. காளையில் படித்த அந்தக் கை, இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் சரியாக இருந்திருக்கும்.

அண்ணன் எவ்வளவு சொன்னார் என்று கேட்டாள். அதெல்லாம் அவனுக்குத் தெரியவில்லை. தொட்டார், கொஞ்சம் யோசித்தார், சொன்னார் என்றான். யோசித்தார் என்ற சொல் அவளைக் குத்தியது. அவர் யோசித்துச் சொல்கிற ஆளில்லை. இந்த மனுஷன் வழக்கம்போல என் பேச்சைக் காதிலேயே போட்டிருக்கக்கூடாது என்று, கல்யாணமான நாள் முதல் இல்லாத ஒரு வேண்டுதலை அன்று வேண்டிக்கொண்டாள்.

அவர் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"எல்லாத்துக்கும் குறைச்சுத்தான் சொன்னேன். மூணாவது கடாவுலயே கை சொல்லிடுச்சு, இது வேற உடம்புன்னு. ஆனா நீ சொன்னியேன்னு..."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நிறுத்துப் பார்த்ததில் ஒன்றுகூடச் சொன்ன எடையில் நிற்கவில்லை, எல்லாமே கூடுதல் என்றார். பரீட்சை வைத்த கம்பெனி மேஸ்திரி சிரித்தாராம். அப்புறம் எல்லா எடையையும் திரும்பப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாராம். எல்லாவற்றிலும் அதே பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம்.

"இப்படி ஒரே மாதிரி தப்புறதுக்கும் கை கணக்கா இருக்கணும்யான்னாரு. நாளைக்கே சந்தைக்கு வரச் சொல்லிட்டாரு."

அவளுக்கு மூச்சு வந்தது. ஒரு மூச்சுதான். அடுத்தது பாதியில் நின்றது. இனி சந்தையில் நல்ல கடா எது என்று முதலில் தொடுகிற கை இவருடையது. தொட்டதெல்லாம் லாரி ஏறும்.

"அப்ப நம்ம கடைக்கு?" என்றாள்.

"மிச்சத்துல ஒண்ணு பாத்து ஓட்டிட்டு வரேன்."

"நீங்க பொறுக்குனதுக்கு அப்புறம் மிச்சம் என்னங்க இருக்கும்?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை இல்லாத முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.