கை நடுங்காத பிள்ளைகள்

ஒரகடம் பக்கம் ஒரு கல்லூரியில் ஓவியம் கற்பிக்கிறேன். இன்று என் வகுப்புக்கு ஒரு செல்போன் கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம் வந்தார்.

"கை நடுங்காம கோடு போடுற பொண்ணுங்க யாரு சார்?"

என் மாணவிகளின் கையைப் பற்றி இதுவரை வெளியாள் யாரும் கேட்டதில்லை. பூரித்துப்போய் செல்வியையும் மேரியையும் காட்டினேன்.

ஸ்கேல் இல்லாமல் கோடு போடச் சொல்லிப் பார்த்தார்.

"திங்கக்கெழமை ஃபேக்டரி லைனுக்கு வந்துடுங்க. செல்போன் போர்டுல குட்டிக் குட்டி பார்ட்ஸ் வெக்கிற வேலை."

"இன்னும் ஒரு வருஷம் படிப்பு கீதே மேடம்?" என்றாள் செல்வி.

"இத முடிச்சிட்டு மட்டும் என்னம்மா பண்ணப் போற?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் பிரஷ் கழுவப் போய்விட்டேன்.

கிளம்பும்போது மேடம் கைகுலுக்கினார். "நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க சார். அடுத்த வருஷமும் வர்றோம்."

சிலபஸை மாற்றப் போகிறேன். கை நடுங்க வைப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.