கோணல் சுரத்தை அக்கா நேராக்கவில்லை

யாழ்ப்பாணம் குருநகர்க் கடற்கரையில் பிறந்த எங்கள் அக்கா நியூசிலாந்தின் ஒக்லாந்தில் கண்மூடி ஓராண்டாகிறது. அழுதுகொண்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவை நினைத்தால் அந்த ஒரு மாலைதான் முன்னே பாய்ந்து வருகிறது.

கன்னியர் மடப் பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் பழகியவர் அக்கா. எங்களைப் பெற்ற ஐயா நாட்டுக்கூத்துப் பாடினால், அதே மெட்டை அடுத்த நிமிடமே ட்ரம்பெட்டில் பிடித்துவிடுவார். போர் எங்களை ஊர் ஊராகத் துரத்தியபோது வாத்தியம் தொலைந்துபோயிற்று. அகதியாக இங்கே வந்து, ஈஸ்ட் டாமாக்கியில் பொதி கட்டும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பழைய ட்ரம்பெட் ஒன்று கையில் கிடைத்ததும் நம் கத்தோலிக்கக் கோவில் விழாக்களில் கூத்துப்பாட்டு வாசிக்கத் தொடங்கினார்.

அங்கே கேட்ட ஒருவர்தான், நியூ லின்னில் ஒத்திகை பார்க்கும் பரோக் இசைக் குழுவுக்கு அக்காவை அழைத்துப் போனார். முந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய இசை. அந்தக் காலத்து நீள ட்ரம்பெட். அமுக்கும் கட்டைகளே அதில் கிடையாது.

“விரலுக்கு வேலை இல்லைத் தம்பி, எல்லாம் சொண்டுதான்,” என்று அக்கா உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

மூன்று வருடம் விடாமல் பழகினார். அந்த இசையில் ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது, வாசிப்பவர் தம் கற்பனையில் அலங்காரம் சேர்க்க வேண்டும். அக்கா மற்றவர்களைப் பார்த்துச் சேர்த்தார், ஒட்டவில்லை. கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கையில் குழுத் தலைவர் கிரேம், தனி வாசிப்பை வேறொருவரிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டார். நானே வாசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார் அக்கா.

கச்சேரியில் நானும் அக்காவின் மகளும் முன்வரிசையில் இருந்தோம். முதல் முறை எழுதியபடியே போயிற்று. அந்த வாத்தியத்தில் ஒரு சுரம் இயல்பிலேயே கொஞ்சம் கோணல், சுருதி விலகித்தான் ஒலிக்கும். எல்லோரும் உதட்டால் நேராக்கித்தான் வாசிப்பார்கள். இரண்டாம் முறை அக்கா நேராக்கவில்லை. கோணலாகவே பிடித்து, இழுத்து, ஐயா கூத்தில் குழைந்து இறங்குவதுபோல இறங்கினார். கிரேமின் வயலின் வில் ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்துக்கொண்டே அவரும் கூட இறங்கினார். அக்காவின் மகள் என் கையை இறுகப் பிடித்தாள்.

“மாமா, இஸ் தட் அம்மப்பாஸ் சோங்?”

“ஓம்,” என்றேன்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. நான் ஓடிப்போய், “என்னக்கா செய்தனீங்கள்?” என்றேன்.

“எனக்கு வேறை ஒண்டும் வரேல்லைத் தம்பி. ஊர்ப்பாட்டுத்தான் வந்தது. வர விட்டிட்டன்.”

அடுத்த தவக்காலத்தில் நம் கோவில் மண்டபத்தில் நடந்த கூத்துக்கு கிரேம் வயலினோடு வந்து அமர்ந்தார். மத்தளக்காரர் வேகம் கூட்டக் கூட்ட, அவர் வியர்த்து விறுவிறுத்து வாசித்ததைப் பார்த்து அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

புற்றுநோய் மூச்சைக் குறைத்த கடைசி மாதங்களிலும், அந்தக் கச்சேரி ஒலிப்பதிவை அத்தானிடம் போடச் சொல்லிக் கேட்டு, “இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்,” என்று குறை பிடித்தார்.

இரவு பகல் பாராமல் பார்த்த அத்தானுக்கும், தாதிமாருக்கும், அடக்கத் திருப்பலியில் வாசித்த குழுவினருக்கும், கடல் கடந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. ரானுயியில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தனி நன்றி. சனிக்கிழமைகளில் அக்கா வாசிக்கத் தொடங்கினால், அவர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலியருகே நிற்பாராம். அக்காவிடம் ஒருநாளும் சொல்லாத அதை, அடக்கத்தன்று என்னிடம் சொன்னார்.