மூன்றாவது நிறம் வரும்வரை

பூண்டின் தலையைச் சீவும்போது பெயின்டர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். சுவரில் நேர்கோடு இழுக்கும்போதும் அப்படித்தான். கத்தி ஒரே இழுப்பில் போய்விட வேண்டும். எல்லாப் பற்களின் நுனியும் ஒரே மட்டத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஒரு பல் மட்டும் தோலுக்குள் பதுங்கியிருந்தால் அதற்காக முழுப் பூண்டையும் இன்னொரு இழுப்புச் சீவுவார். எண்ணெயைக் கரண்டியால் ஊற்ற மாட்டார். பெயின்டையே பார்த்திராத சின்ன பிரஷ் ஒன்று அடுக்களைக்கென்றே வைத்திருக்கிறார். அதைத் தொட்டு ஒரு முறை தடவிவிட்டு, எண்ணெய் உள்ளே இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு இன்னொரு முறை.

"முதல் கோட்டைக் குடிச்சுரும். ரெண்டாவது கோட்டுதான் நிக்கும்."

வேலைக்குப் போகிற வீடுகளில் சுவருக்கு அடிக்கிற பெயின்டைப் பற்றி அவர் சொல்வதும் இதேதான். சொல்லிச் சொல்லியே குடியிருக்கிற கட்டடத்தில் அவருக்கு 'ரெண்டு கோட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிக்கிறார்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். புறங்கையால் ஒரு தடவல். சுவரைச் சமன்செய்யும் பட்டியைச் சரியாகத் தேய்க்காத இடத்தில் கை நின்றுவிடும், முகம் சுளிக்கும், ஆனால் வாய் திறக்க மாட்டார். காசு கொடுத்துக் கேட்டாலொழிய அடுத்தவன் வேலையைக் குறை சொல்வதில்லை. பெயின்ட் கம்பெனியின் பெரிய நிற அட்டையைக் காட்டி நிறம் கேட்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கறாராக இருப்பார். "ராத்திரி லைட்டு போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. லைட்டு மாறினா கலரும் கட்சி மாறிரும்."

பூண்டுத் தலைகளைக் கனமான இரும்புச் சட்டியில் உட்கார வைத்து, மூடி போட்டு, அடுப்பை மிகவும் தணித்துவிடுவார். பூண்டு தன் காரத்தையெல்லாம் விட்டு, பிதுக்கினால் களிம்பு போல வெளியே வரவேண்டும். அதில் உப்பைத் தூவி மசித்து, தேய்ந்த பட்டி பிளேடால் ரொட்டித் துண்டின் மேல் இழுப்பார். மூலைவரைக்கும் ஒரே கனம். அவர் தடவின ரொட்டியைச் சாப்பிடுவதற்குப் பதில் சட்டம் போட்டு மாட்டலாம் என்பாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

பூண்டு வெந்ததா என்று மற்றவர்கள் வாசனையில் கண்டுகொள்வார்கள். அவருக்கு வாசனை கிடையாது.

அது ஒரே நாளில் போகவில்லை. சன்னல் இல்லாத நிலவறைக் கிடங்கு ஒன்றுக்கு எனாமல் அடித்த கோடையில் தலைவலி வந்தது. தலைவலி போனபோது கூடவே வேறொன்றும் போயிருந்தது. பெயின்டில் கலக்கப் புதிதாக வாங்கிய தின்னர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். "தண்ணிய அடைச்சு விக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?" கடைக்காரர் டப்பாவை வாங்கி முகர்ந்தார், முகத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நீங்களே இன்னொரு தடவை மோந்து பாருங்க" என்றார். அவர் முகர்ந்தார். "சரி, சரி, நல்ல சரக்குதான்" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கடைப் பக்கம் அப்புறம் போகவில்லை.

யாரிடமும் சொல்லவுமில்லை. மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். சொல்லியிருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார். வாசனை போன பிறகு சாப்பாடு ஈர அட்டையை மெல்வது போல ஆகிவிட்டது. சுட்ட பூண்டு மட்டும் நாக்கோடு கொஞ்சம் பேசியது. அதன் இனிப்புக்கு மூக்கு தேவைப்படவில்லை. இன்னொரு சௌகரியமும் இருந்தது. கட்டடமே மணக்கப் பூண்டு சுடுகிற மனுஷனுக்கு மூக்கில்லை என்று யார் நினைப்பார்கள்?

ஆரம்பத்தில் கருக்கினார், இல்லாவிட்டால் பச்சையாக இறக்கினார். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு ரொட்டியைத் தையல்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து முகத்தைப் பார்ப்பார். "அண்ணே, இன்னிக்கு அடுப்புக்கரியத் தடவிட்டீங்களா?" "இது பச்சைப் பூண்டுண்ணே, இதத் தின்னுட்டு நான் கஸ்டமர்கிட்ட அளவெடுத்தா அவங்க ஓடியே போயிருவாங்க." கடைசியில் ஒருநாள் அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள். அவர் வீட்டுக்கு ஓடிவந்து, சட்டியில் மிஞ்சிய ஒரு பல்லை எடுத்து அடுக்களையின் மஞ்சள் விளக்கடியில் பிடித்து, வெள்ளையில் மஞ்சளும் காவியும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அதே நிறத்தை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தீட்டினார். பிறகு அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் நிறங்களையும் தீட்டினார். நான்கு சதுரங்கள். முதலாவது பச்சைப் பூண்டு. இரண்டாவது வெண்ணெய். மூன்றாவது பால் கூடிய தேநீர். அது வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். நான்காவது வரவே கூடாதது.

"என்னண்ணே இது, சுவத்துல ஸ்டாம்பு ஒட்டி வச்சிருக்கீங்க?" என்றாள் தையல்காரி.

"கலர் சாம்பிள். வாடகை வீடுதானே, காலி பண்றப்ப சுரண்டி ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுத்துருவேன்."

"நீங்க எங்க காலி பண்ணப் போறீங்க? உங்கள இந்த வீட்டோட சேத்துத்தான் பூசியிருக்கு."

அவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

ஆனால் போன மாதம் காற்றில் அடுப்பு அணைந்துவிட்டது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். தையல்காரி கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, சன்னலை அகலத் திறந்து, சிலிண்டரை மூடி, "படி வரைக்கும் கேஸ் நாறுது, பக்கத்துல உக்காந்துட்டு என்னண்ணே பண்றீங்க!" என்று கத்தினாள். சளி என்று சொல்லிச் சமாளித்தார். அவள் பயந்துபோய் அவருடைய மகளுக்குப் போன் செய்துவிட்டாள். மகள் போனில் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஒண்ணு என் காதுல விழுந்துச்சுன்னா உங்கள நான் கேக்கவே மாட்டேம்ப்பா. வண்டியோட வந்து நிப்பேன்."

மகள் வீட்டில் அவருக்குக் கூடத்து சோபா இருக்கிறது. டிவியை அணைத்த பிறகுதான் அது கட்டிலாகும். மருமகன் நல்ல பையன். "உக்காருங்க மாமா" என்பதைத் தவிர மாமனாருக்கென்று அவனிடம் வேறு சொல் இல்லை. இரண்டு நாள் தங்கினால் வேலை இல்லாமல் கை மரத்துப்போகும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வரும்போது அவர் ஒரு நாடகம் போடுகிறார். சுவரையும் சட்டியையும் ஓரக்கண்ணால் ஒத்துப் பார்ப்பார். மூன்றாவது நிறம் வந்ததும் ஆவியை உள்ளங்கையால் மூக்குக்கு விசிறி, கண்ணை மூடி, "ஆகா, தூக்குது பாரு!" என்பார். மகளும் எட்டிப் பார்த்து, "கீழ வரைக்கும் தூக்குதுப்பா" என்பாள்.

போன ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தது. சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ரொட்டி வாங்கக் கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது அடுக்களை பட்டப்பகல் போல இருந்தது. பழைய மஞ்சள் பல்பு மேடைமேல் கிடந்தது.

"இருட்டுல என்னப்பா சமையல், பேய் சமைக்கிற மாதிரி? வரும்போதே வெள்ளை பல்பு வாங்கிட்டு வந்தேன், மாட்டிட்டேன். கண்ணாவது நல்லா இருக்கட்டும்."

"பளிச்சுன்னு இருக்கும்மா" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அவள் முன்னறைக்குப் போய்த் துணி மடித்தபடி மாமியாரைப் பற்றிக் கதை சொன்னாள். அவர் இங்கிருந்தே சிரித்தார். மூடியைத் திறந்து பார்த்தார். பூண்டு வெளிறிக் கிடந்தது. இன்னும் இரண்டாவது நிறம்கூடத் தாண்டவில்லை. மூடினார். மறுபடி பார்த்தார். சுவரில் மூன்றாவது சதுரம் கருத்துத் தெரிந்தது, பூண்டு அதை எட்டவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டார்.

முன்னறையில் கதை பாதியில் நின்றது.

மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர் மூடியைத் தூக்கி, ஆவியை விசிறி, கண்ணை மூடினார்.

"ஆகா, தூக்குது பாரு!"

சன்னல் கொக்கியை விடுவிக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். சட்டியிலிருந்து எழுந்தது ஆவி இல்லை. ஒரு பூண்டைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் நான்காவது நிறத்தையும் கடந்து கரியாகியிருந்தது. நிமிர்ந்து பல்பைப் பார்த்தார். ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் சொன்னதைத் தன் அடுப்புக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றாக நின்ற பெயின்டும் பூண்டும் வெள்ளை வெளிச்சத்தில் பிரிந்துபோயிருந்தன.

"உக்காருங்கப்பா" என்றாள் மகள். "சாப்பிடலாம்."

மேல்பாகத்தில் தேறியதைப் பிதுக்கி, உப்புப் போட்டு மசித்து, மூலைவரைக்கும் ஒரே கனமாகத் தடவினார். கசப்புக்கும் மூக்கு தேவையில்லை. முதல் கடியிலேயே நாக்கு சொல்லிவிட்டது. மகள் ஒரு துண்டை முழுதாகத் தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"கசக்குதேம்மா. வச்சுரு."

"எனக்கு ஒண்ணும் கசக்கல." மென்று விழுங்கினாள். தலை நிமிராமல் கேட்டாள்: "எப்பலேருந்துப்பா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "அந்தக் கிடங்கு வேலை பாத்தேனே, அப்பலேருந்து."

"அன்னிக்கு கேஸ்?"

"தெரியலம்மா."

அவள் எழுந்து போய்ச் சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினாள். மூடியிருந்ததை இன்னொரு முறையும் திருகினாள். அங்கேயே முதுகைக் காட்டி நின்றாள். தோள் மட்டும் அசைந்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது.

அவர் தட்டை ஒதுக்கினார். பிளேடில் ஒட்டியிருந்த பூண்டைத் துணியால் துடைத்தார். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, காலி பண்ணிக் கொடுக்கப்போகிற சுவரில் கீறல் விழாத சாய்வில் பிளேடைப் பிடித்து, மூன்றாவது சதுரத்தின் ஓரத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.