சந்திரகிரிக் கோட்டைக்கு மேலே ஒரு காலை

சந்திரகிரியில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் பலூனைத் துரத்திக்கொண்டிருந்தேன். சுற்றுலாவுக்கு வருகிறவர்களை ஏற்றிப் பறக்க வெப்பக்காற்று பலூன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் அது கிளம்பும். காற்று எந்த ஊர் வயலில் கொண்டுபோய் இறக்குகிறதோ, அங்கே ஜீப்பை ஓட்டிப்போய் ஆட்களையும் கூடையையும் ஏற்றிவர வேண்டும். அதுதான் என் வேலை. புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. எனக்கு மண்ணும் ஸ்டியரிங்கும் போதும். தினமும் அண்ணாந்து பார்த்தேனே தவிர, ஏற வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒருநாள் காலை நகரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறவர்கள். கல்யாண நாளுக்காக மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். அந்த அண்ணன் வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. பலூன் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, என்ன நூல், எப்படித் தைத்தார்கள் என்று கேட்டபடியே இருந்தார். துணிக்குள் காற்று நிரம்பி, பர்னர் முதல் தீயைக் கக்கியதும், அந்த அக்கா நாலடி பின்னால் போய்விட்டார்.

"நான் ஏறமாட்டன். நீ போய்ட்டு வா."

"நீ இல்லாம நான் மட்டும் எதுக்கு? வா, ஊட்டுக்குப் போலாம்."

"பொண்ணு ஆசயா எடுத்துக் குடுத்தது, வீணாப் போவணுமா?" என்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ ஏறு அவருகூட."

"வண்டிய யாருக்கா ஓட்றது?"

"நான் ஓட்றன். எங்க லோடு வண்டில சீலைக் கட்டு ஏத்திக்கினு புத்தூருக்கு நான்தான் போய்க்கினு வந்துக்கினு இருக்கறன். சாவியக் குடு."

பலூன் ஓட்டுபவர் ராஜஸ்தான்காரர். எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் சாவி கைமாறியது புரிந்தது. வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். கயிறு பிடிக்கும் இரண்டு பேரும் ஜீப்பின் பின்னால் தாவி ஏறினார்கள். நான் கூடைக்குள் கால் வைத்தேன்.

தரையை விட்டது எனக்குத் தெரியவே இல்லை. ஆட்டம் இல்லை, இழுப்பு இல்லை. நாங்கள் அப்படியே நிற்க, பூமிதான் கீழே இறங்கிப் போவதுபோல இருந்தது. பனைமரத்தின் உச்சி என் முழங்காலுக்கு நேரே வந்து, பிறகு காலடிக்குப் போனது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பேச்சு நின்றுபோயிருந்தது.

பர்னரை அணைத்தபோது வந்த அமைதியை என்னவென்று சொல்வது? காற்றோடு சேர்ந்தே போவதால் காற்றுகூட முகத்தில் படவில்லை. எங்கோ கீழே ஒரு குக்கர் விசில். ஒரு நாய். யாரோ கிணற்றடியில் இருமினார்கள். அத்தனையும் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"தம்பி," என்றார் அண்ணன் மெதுவாக. "தூங்கும்போதுகூட என் காதுல தறி ஓடிக்கினே இருக்கும். இப்ப காணோம்பா."

அப்போதுதான் பின்னால் சூரியன் எழுந்தது.

எதிரே பாறை மலை மொத்தமும் ஒரே நொடியில் செம்மையாயிற்று. சந்திரகிரிக் கோட்டை என்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் நிற்கிற இரண்டு மகால்கள் என்றே நான் நினைத்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் அவை இரண்டும் கோட்டையின் ஒரு மூலைதான். மதில் அவற்றை விட்டு எங்கெங்கோ ஓடியது. பாறையில் ஏறி, விளிம்பில் வளைந்து, மறைந்து, மறுபடி தலைதூக்கியது. மலைமேல் கூரையில்லாத மண்டபங்கள், சாமி இல்லாத கோயில்கள். ஒரு சின்னக் குளத்தில் வானம் துண்டாகக் கிடந்தது.

மதிலுக்கு உள்ளே வெறும் புல்வெளி என்று நான் எத்தனையோ முறை கடந்துபோன இடம் ஒன்று உண்டு. சாய்ந்து விழுந்த வெயிலில் அந்தப் புல்லுக்குள்ளிருந்து கோடுகள் எழுந்தன. முதலில் ஒன்று, பிறகு பல. நேர்கோடுகள், சதுரங்கள், நடுவே நீளமாக ஒரு பாதை. மண்ணுக்குள் போய்விட்ட சுவர்களின் மேடு, தன் நிழலால் தன்னை வரைந்து காட்டிக்கொண்டிருந்தது.

"தெருவாட்டம் இல்ல இது?" என்றேன்.

"தெருதான்," என்றார் அண்ணன். "வரிசையா ஊடுங்க. பாரு, அங்க வாசப்படி."

ஜனங்கள் இருந்திருக்கிறார்கள். சோறாக்கியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். வீடுகளை வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை எண்ணினேன். சூரியன் இன்னும் கொஞ்சம் ஏறியதும் நிழல்கள் குறுகின, கோடுகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெறும் புல்லாகிவிட்டது. அண்ணன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

மாந்தோப்புகளைத் தாண்டி, அறுவடை முடிந்த நிலக்கடலைக் காட்டில் இறங்கினோம். கூடை இரண்டு முறை குதித்து, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. நாங்கள் மல்லாந்து கிடந்தோம். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஜீப் வரக் கால்மணி நேரம் ஆனது. அக்கா தலையெல்லாம் செம்மண் புழுதியோடு இறங்கினார்.

"வழி தப்பலப்பா," என்றார் என்னிடம். "உங்க பலூன் நிழலு மலைமேல ஏறிச்சு பாரு, அத்த பாத்துக்கினே வண்டிய நிறுத்திட்டன்."

அண்ணன் அவர் கையைப் பிடித்தார். "தெரு ஒண்ணு, வாசப்படியோட..." என்று தொடங்கினார். "சரி, சரி. அப்புறம் சொல்லு," என்றார் அக்கா. திரும்பும்போதும் சாவியை அவரிடமே விட்டுவிட்டேன். வழியெல்லாம் மலையையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். நல்ல உச்சிவெயில். மகால்களைப் பார்த்துவிட்டு அந்தப் புல்வெளிக்கு நடந்தோம். "இங்க ஒரு தெரு இருந்துச்சு," என்றேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"எத்தினி ஊடு?"

"நான் எண்ணுனது பதினொண்ணு."

அவள் சிரிக்கவில்லை. வாசற்படி இருந்த இடம் எது என்று கேட்டாள். தோராயமாகக் காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.