மழை பெய்தால் x எவ்வளவு?

"கணக்கில் சிஸ்டரையே மடக்கியவள்" என்று என்னைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறீர்கள். தவறு. அது நானல்ல. நம் கான்வென்ட்டின் பழைய மாணவியர் மலரிலும் அப்படியே அச்சேறப் போகிறதாம். எனக்கு உரியதல்லாத புகழ் எனக்கு வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

சாக்பீஸ் தூளும் ஈரக் குடைகளும் கலந்த வாடை... அதுதான் நம் வகுப்பறை.

அன்று சிஸ்டர் தாமே உருவாக்கிய கணக்கு. ரப்பர் தோட்டத்தில் x பேர் பால்மரம் சீவுகிறார்கள். ஆளுக்கு x வாளி பால். ஆளுக்கு மூன்று வாளி எடுத்திருந்தாலும் மொத்தம் அதேதான். x எவ்வளவு?

x × x = 3x.

நம் பழக்கம் தெரியுமே! இரண்டு பக்கமும் ஒரே எழுத்து இருந்தால் ரூலர் வைத்து நேராக ஒரு கோடு. கேன்சல்! சுத்தத்துக்கு சிஸ்டர் தனி மார்க் போடுவார். நானும் அடித்தேன். x = 3. அடியில் இரட்டைக் கோடு.

பக்கத்தில் புஷ்பம். பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவள் கோடு போடவில்லை.

"காலையில மழ பேஞ்சா யாரு லா மரத்துக்குப் போவா? ஆளும் கோசோங், வாளியும் கோசோங், எல்லாமே சைபர். அப்பவும் கணக்கு சரியாத்தானே வருது?"

x-க்குப் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பூஜ்யம்.

"எழுந்து சொல்லு" என்றேன்.

"ஐயோ, என் இங்கிலீஷுக்குச் சிரிப்பாளுங்க. நீ சொல்லு லா, வாயாடி."

"ஒன் விடைய நான் எதுக்குச் சொல்லணும்? எந்திரி!"

பின்வரிசை வரை கேட்டது என்னுடைய அந்த "எந்திரி" மட்டும்தான். அதனால்தான் உங்கள் நினைவில் நான் நிற்கிறேன்.

எழுந்தது அவள், முணுமுணுப்பாக: "சிஸ்டர், ரெயின். நோ டேப்பிங். சீரோ ஆல்சோ கேன்."

முன்வரிசையில் கேட்டவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் தாம் எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்தார். பிறகு 3x-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து எழுதினார். x(x − 3) = 0.

"இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்தபோதே, அது பூஜ்யமில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். யாரைக் கேட்டு?" என்றார், தம்மையும் சேர்த்துத்தான்.

எனக்குச் சிலிர்த்தது. ஆளில்லாத தோட்டம், கவிழ்த்து வைத்த வாளிகள், ஒரு மழைக் காலை முழுவதும் அந்த ஒற்றை வரிக்குள் இருந்திருக்கிறது... என் ரூலர் கோடு அதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டது.

இன்று பேத்தியின் போன், கணக்கைப் படம் பிடித்ததுமே இரண்டு விடைகளையும் காட்டிவிடுகிறது. அவளுக்கு அதில் வியப்பில்லை. புஷ்பத்தின் தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். என் கணவர் போன பிறகு, காலை மழையில் தனியாகத் தேநீர் குடிக்கும்போது எனக்கு மட்டும் இன்னும் அதே சிலிர்ப்பு...

புஷ்பம், நீ இந்தக் குழுவில்தான் இருக்கிறாய். எல்லாரும் என்னைப் புகழ, நீயும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். மலர் அச்சுக்குப் போகுமுன், அது நீதான் என்று நீயே சொல். குரல் பதிவு வேண்டாம். எழுத்தில் பதில் போடு, மலரில் அப்படியே அச்சேறட்டும்.