சல்லடைக்குக் கீழே சேர்ந்த தூள்

உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியக் கிரைண்டர் அது. கஞ்சா மொட்டைப் போட்டுத் திருகினால், அதிலுள்ள பிசின் பொடி மட்டும் சல்லடை வழியாக அடித்தட்டில் விழும். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த மெல்லிய தூளை ஒரு கிழமை சேரவிட்டு, சின்னத் தூரிகையால் கூட்டி, பழைய மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் போட்டுவைப்பேன். லண்டன் இல்ஃபோர்டில் என் வாடகை அறையில் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்த வேறு வேலை கிடையாது. மொட்டைவிடத் தூளுக்கு வேகம் அதிகம். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அப்போது நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் குறுக்கே வந்த சைக்கிளுக்காக பிரேக்கை அழுத்தியபோது, உள்ளே நின்ற வயதான பெண் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். என்னில் பிழையில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஆனால் அவர் விழுந்த சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. வேலை முடிந்து வந்து ஒரு சிட்டிகைத் தூளைப் புகையிலையோடு சுருட்டிப் பிடித்தால் அந்தச் சத்தம் தூரப் போகும். முதலில் விடுமுறை நாளில் மட்டும் என்றிருந்தது, பிறகு ஒவ்வொரு நாளும் என்றாயிற்று.

டிப்போவில் எங்களுக்கு வண்டி ஒதுக்கித் தந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். ஐம்பது தாண்டியவர், லேசில் சிரிக்கமாட்டார். ஒரு மத்தியான ஷிப்டுக்குக் கையெழுத்துப் போடப் போய், சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை இழுத்தேன். தகரப் பெட்டியும் கூடவே வந்து அவருடைய மேசையில் விழுந்து திறந்துகொண்டது. பட்டியல் தாளெல்லாம் தூள். மணத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

“கடைசியா எப்ப பிடிச்சனீர்?”

“நேற்று, அக்கா. இப்ப நல்லாத்தான் இருக்கிறன்.”

“இண்டைக்கு நீர் வண்டி எடுக்கேலாது.”

“வேலை போயிடும் அக்கா. இந்த ஒருக்கா விடுங்கோ.”

“வேலை போனா வேற வேலை தேடலாம், தம்பி. இன்னொரு ஆள் விழுந்தா என்ன செய்வீர்?”

மனேஜரிடம் தான் சொல்லியே ஆகவேண்டும் என்றார். “ஆனா நீரே போய்ச் சொன்னா நல்லது. நானும் கூட வாறன்.” மனேஜரின் அறையில் நான் தடுமாறியபோது, விபத்தைப் பற்றி அவர்தான் எடுத்துச் சொன்னார். தூளைப் பற்றியும் ஒரு சொல் குறைக்கவில்லை.

ஓட்டுவதிலிருந்து நிறுத்தினார்கள். ஏழு மாதம் பஸ்களுக்குள் கூட்டித் துடைத்தேன். “எங்கட ஆளே காட்டிக்குடுத்திட்டா” என்று தேநீர் அறையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அது அவர் காதுக்கும் போயிருக்கும். ஆனாலும் என்னைக் காணும்போதெல்லாம் டொக்டரிடம் போனீரா என்று கேட்பதை அவர் விடவில்லை. அந்தத் தொல்லை தாங்காமல்தான் போனேன். டொக்டர் ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தப் பெண் விழுந்த சத்தத்தை நான் முதன்முதல் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அன்றைக்கே கிரைண்டரை எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு தடவை எறிந்து, இரண்டு தடவை புதிதாக வாங்கினேன். மூன்றாம் தடவைதான் நின்றது.

போதைச் சோதனைகளில் தேறி நான் திரும்ப ஓட்டத் தொடங்குவதற்குள் அக்கா வேறு டிப்போவுக்கு மாறிப் போய்விட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்று அன்று நான் சொன்னதை நானே நம்பியிருந்தேன். நம்பாத ஓர் ஆள் அந்த மேசையில் இருந்தது என் அதிர்ஷ்டம். இதை அவரிடம் சொல்லவேண்டும் என்ற எண்ணம் பல வருடம் நெஞ்சில் கிடந்தது.

போன மாதம் ஈஸ்ட் ஹாமில் காய்கறிப் பையோடு என் வண்டியில் ஏறினார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன்.

“அக்கா, அண்டைக்கு நீங்கள் என்னை மறிக்காட்டி…” என்று தொடங்கினேன்.

என்னை அடையாளம் கண்டு, ஒரு கணம் சிரித்தார்.

“பின்னால சனம் நிக்குது, தம்பி. பிறகு கதைப்பம். வண்டியை எடும்.”

அவர் உட்காரும்வரை கண்ணாடியில் பார்த்திருந்துவிட்டு, எடுத்தேன்.